வெள்ளிக்கிழமைக்கு முந்திய நாலு கிழமை

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றை இணையப் பாட்டுச் சேவைகளில் அல்பம் வெளிவரும் நாளாகக் குறித்தால், கிளிநொச்சியில் வியாழன் இரவு 7.30 ஆகும்போதே மெல்பேர்ணில் அது திறந்துவிடும். வன்னிக்கு நள்ளிரவு 12 மணி. பாரிசில் திறக்கும்போது இங்கே விடியப்புறம் 3.30, இலண்டனில் திறக்கும்போது 4.30. ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா குடும்பத்துக்குக் கிடைக்கும்போது பரந்தன் சந்தியில் காலை 9.30 ஆகிவிடும். பாட்டுச் சேவைகள் அந்தந்த ஊர் நள்ளிரவையே பார்ப்பதால், ஒரே அல்பம் 14 மணித்தியாலமாக நாடு நாடாகப் பிறந்துகொண்டிருக்கும். இதை யோசிக்காமல் வியாழன் இரவே எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் இணைப்பை அனுப்பினால், ரொறன்ரோக்காரர் அமத்திப் பார்ப்பார், பாட்டு ஓடாது, அதோடு மறந்துவிடுவார். இரண்டாம் தரம் அமத்துபவர்கள் குறைவு. நாட்டுக்கு ஒரு குழுவாகப் பிரித்து, அங்கே திறந்து ஒரு மணித்தியாலம் கழித்து அனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமை என்பதும் பழைய வழக்கம் அல்ல. பிரித்தானியாவில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று நாட்டுக்கொரு நாளாக இருந்ததை 2015 ஜூலை 10 தொடக்கம் உலகம் முழுக்க வெள்ளியாக்கினார்கள். ஸ்பொட்டிஃபை என்ற பாட்டுச் சேவை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தபின், விசுவமடுவில் ஒரு வீட்டறையில் பதிவான பாட்டும் பெரிய நிறுவனங்களின் பாட்டும் அதே வெள்ளியில் ஒரே வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையில் நம்முடைய தனி இசை காணாமல் போவது பெரும்பாலும் பாட்டின் குறையால் அல்ல. நாலு கிழமைக்கு முன் அவசரத்தில் நிரப்பிய ஒரு படிவத்தால், அதற்கும் முன்னர் பதிவு அறையில் கவனிக்காமல் விட்ட ஒரு இரைச்சலால். இரண்டும் காசில்லாமல் திருத்தக்கூடியவை என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். வெளியீட்டுக்கு 28 நாளுக்கு முன் பாட்டுகள், அவற்றைச் சேவைகளுக்கு அனுப்பிவைக்கும் விநியோக நிறுவனத்திடம் ஏறியிருக்க வேண்டும். அவர்கள் பார்த்து முடிக்கச் சில நாள் போகும். அட்டைப்படமோ பெயரோ பிழையென்று திருப்பி அனுப்பினால் இன்னும் சில நாள். அல்பம் ஸ்பொட்டிஃபையின் கலைஞர் கணக்கில் ‘வரவிருப்பது’ என்று விழுந்த பிறகே அந்தச் சேவையின் பாட்டுப் பட்டியல்களைத் தொகுப்பவர்களுக்கு ஒரு பாட்டை முன்வைக்கலாம். அதைக் குறைந்தது 7 நாளுக்கு முன் செய்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் வெள்ளிக்கிழமைப் புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டுப் போய் விழும். அல்பம் முழுவதற்கும் ஒரு பாட்டுத்தான் முன்வைக்க விடுவார்கள். 30 வினாடி கேட்டால்தான் ஒரு கேட்பு என்று கணக்கு. அதற்காக விருத்தத்தையும் உடுக்கு முன்னிசையையும் வெட்டிக் குறைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யத் தேவையில்லை. விருத்தத்தோடு தொடங்கும் பாட்டை அப்படியே விட்டு, எடுத்த எடுப்பில் பல்லவிக்குள் போகும் வேறொரு பாட்டை முன்வையுங்கள்.

ஏற்றும் வேலைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். எம்பி3 போல் நசுக்காத 24 பிட், 44.1 கிலோஹேட்ஸ் ஸ்ரீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 16 மெகாபைட். நாலு நிமிடப் பாட்டுப் பத்து என்றால் 640 வரும். போனின் ஹொட்ஸ்பொட்டில் பத்தையும் ஒன்றாக ஏற்றினால் எட்டாவதில் அறுந்து முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொன்றாக, இரவில் ஏற்றுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மழையும் கரண்டும் சேர்ந்து விளையாடும். அந்த மாதங்களில் வெளியிடுவதானால் 28 நாளை 40 ஆக்கிக்கொள்ளுங்கள்.

இனிப் பெயர். இங்கேதான் அதிகம் தொலைகிறது.

முதல் எதிரி பாமினி. பதாகை அடிக்கும் கடைகளிலும் அலுவலகங்களிலும் இன்னும் அந்த எழுத்துருத்தான். பாமினியில் தட்டிய பாட்டுப் பெயரை வெட்டிப் படிவத்தில் ஒட்டினால், உங்கள் கணினியில் தமிழாகத் தெரிந்தது சேவையின் பக்கத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக விழும். யுனிகோட் விசைப்பலகையில் புதிதாகத் தட்டுங்கள். அதிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. ‘ஔவை’யின் முதலெழுத்தை ஒ, ள என்று பிரித்துத் தட்டுவதும், ‘கௌரி’யைக் கெ, ள என்று தட்டுவதும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடலுக்கு வேறு சொல். பழைய கோப்பை மாற்றி எடுத்தவர்கள் காலுக்குப் பதில் ‘ர’ நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெயரைப் போனின் தேடலில் தட்டி, படிவத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

அடுத்தது ரோம எழுத்து. வன்னியையே ‘வீ’ போட்டும் எழுதுகிறார்கள், ‘டபிள்யூ’ போட்டும் எழுதுகிறார்கள். குழுப் பெயரை முதல் பாட்டில் ஒருவிதமாகவும் இரண்டாம் பாட்டில் இன்னொருவிதமாகவும் கொடுத்தால் இரண்டு கலைஞர் பக்கம் உருவாகும். கேட்பவர் பாதி அங்கே, பாதி இங்கே. ஒரே எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். அதே பெயரில் வேறொருவர் ஏற்கெனவே இருந்தால் இன்னும் சிக்கல்: உங்கள் அல்பம் அவர் பக்கத்தில் போய் நிற்கும், அவருடைய ஆட்களுக்கு அறிவிப்புப் போகும். இரண்டாம் வெளியீடு தொடக்கம் ‘இந்தக் கலைஞர்தான்’ என்று பக்கத்தின் இணைப்பைக் கொடுக்கப் படிவத்தில் இடமுண்டு, அதை வெறுமையாக விடக்கூடாது. மொழி என்று கேட்கும் இடத்தில் தமிழ் என்றே தெரிவு செய்யுங்கள். பலர் ஆங்கிலம் என்று இருப்பதை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள்.

பாடலாசிரியர் பெயருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் இரண்டும் கேட்பார்கள். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை, முதலெழுத்துத்தான். ஒற்றை எழுத்தைப் போட்டால் பல நிறுவனங்கள் திருப்பி அனுப்பும். தகப்பன் பெயரை முழுமையாக எழுதுங்கள். அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். பிற்பாடு காசு எடுக்கும்போது ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் நின்றுவிடும்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று, எழுத்தும் இலக்கமுமாக 12 இடம் கொண்ட அடையாள எண் உண்டு. விநியோக நிறுவனமே தரும், தனியாக வாங்கத் தேவையில்லை. ஆனால் அந்த எண்களை ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். நாளை நிறுவனம் மாறும்போது அதே பதிவுக்கு அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கேட்புக் கணக்குத் தொடரும். மீளக் கலந்த பதிப்புக்குப் புது எண்.

அட்டைப்படம் 3000க்கு 3000 புள்ளி, சதுரம். பதாகைக் கடையில் வரைந்தால் அச்சுக்கான நான்கு மை நிறத்தில் தருவார்கள், திரைக்கு அது மங்கிப் போகும். ஆர்ஜிபி நிறத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசி எண், முகநூல் அடையாளம், இணைய முகவரி எதுவும் படத்தில் இருக்கக்கூடாது, இருந்தால் நிராகரிப்பார்கள்.

பெயரைப் பற்றிய பேச்சில் இன்னொரு பெயரும் வருகிறது, அது யாரும் படிவத்தில் எழுதாத பெயர். நெல் அறுவடையில் பாடும் அருவி வெட்டுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கண்ணகை அம்மன் சிந்து என்று இந்த மண்ணின் பாட்டை எடுத்து அதன்மேல் கிற்றாரும் தாளமும் வைக்கும் இளையவர்கள் நல்ல வேலைதான் செய்கிறார்கள். ஆனால் அந்த மெட்டைப் பாடிக் காட்டிய ஆச்சியின் பெயர் பெரும்பாலும் எங்கும் இருப்பதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனுக்கு ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் தருகிறது. பாடியவருக்கும் தனி உரிமை தருகிறது. நாட்டார் வழக்காறுகளுக்கும் அதில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. பாடலாசிரியர் இடத்தில் ‘மரபு’ என்றும், ஒழுங்கமைத்தவராக உங்கள் பெயரும், பாடியவராக அவர் பெயரும் போடுங்கள். ஊர்ப் பெயரையும் விபரக் குறிப்பில் எழுதுங்கள். ஒரே மெட்டு ஊருக்கு ஊர் மாறும், பாடியவர் எந்த ஊரார் என்பது பாட்டின் பகுதி. பங்கு எத்தனை வீதம் என்று ஒரு தாளில் எழுதி, கூட்டினால் 100 வரும்படி எல்லாரும் கையெழுத்து வையுங்கள். பதிவு நடந்த அன்றே. அல்பம் ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் தாளை எழுதுவது எல்லாருக்கும் கஷ்டம்.

யூரியூப்பில் ‘இலவசம்’ என்று கிடைக்கும் தாளப் பின்னணியை இறக்கி ராப் பாடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே பின்னணியில் இன்னும் நூறு பேர் பாடியிருப்பார்கள். அவர்களில் ஒருவர், ஒரே ஒலி எந்தக் காணொளியில் வந்தாலும் தானாகக் கண்டுபிடிக்கும் யூரியூப்பின் உள்ளடக்க அடையாளப் பதிவைப் போட்டிருந்தால் உங்கள் காணொளியின் வருமானம் அவருக்குப் போகும். நீங்கள் போட்டால் மற்றவர்களைத் தாக்கும், முறைப்பாடு உங்கள்மேல் வரும். வாங்கிய துண்டுத் தாளங்கள் இருக்கும் பாட்டுக்கு விநியோகப் படிவத்தில் அந்தப் பதிவுக்கான பெட்டியில் குறியிட வேண்டாம்.

ஒலிக்கு வருவோம். நம் வீடுகளில் கல்லுச் சுவர், சீமெந்து நிலம், தகரமோ ஓடோ கூரை. கையைத் தட்டினால் சுவருக்குச் சுவர் படபடவென்று திரும்பி வரும். பாயைச் சுவரில் ஒட்டினால் போதும் என்பது தவறு. மெல்லிய துணி உச்ச ஒலியை மட்டும் தின்னும், நடுக்குரலின் பெட்டிச் சத்தம் அப்படியே நிற்கும். காரணம் அலையின் நீளம். 1000 ஹேட்ஸ் ஒலியின் அலை 34 சென்ரிமீற்றர், அதைப் பிடிக்க அதன் நாலில் ஒரு பங்காவது, 8.5 சென்ரிமீற்றர், தடிப்போ இடைவெளியோ வேண்டும். ஆகவே தடித்த போர்வையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாணில் பாதி தள்ளிக் கயிற்றில் தொங்கவிடுங்கள். பஞ்சு மெத்தை இரண்டைப் பாடுபவரின் முதுகுப் பக்கம் மூலையில் நிமிர்த்துங்கள், ஏனென்றால் மைக் பார்ப்பது பாடுபவரையும் அவர் பின்னால் உள்ளதையும்தான். உமி மூட்டை அடுக்குவதும் வேலை செய்யும், தூசுக்கும் நெருப்புக்கும் கவனம்.

இரைச்சலுக்குப் பகலில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் நீர் இறைக்கும் மோட்டரும், விடியலிலும் அந்தியிலும் மயில், இரவில் சில்வண்டு, காட்டோரக் கிராமமானால் யானை விரட்டும் வெடி. இரவு 9க்கும் 12க்கும் இடையில் கிடைப்பதுதான் நல்ல நேரம். சில்வண்டின் ஒலி ஓர் ஒடுங்கிய உச்சப் பட்டையில் நிற்கும், அதை மென்பொருளால் துடைத்தால் பாடுபவரின் ‘ச’வும் ‘ஸ்’ஸும் சேர்ந்து கரையும். துடைப்பதைவிட மைக்கை நெருக்குவது மேல்: தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடும், சில்வண்டு கூடாது. ஒரு சாண் தூரம், வாய்க்கு நேரே அல்லாமல் சற்றுப் பக்கமாக. சோளகம் வீசும் மாதங்களில் தகரம் கிலுகிலுக்கும். தளர்ந்த ஆணியைத் தேடி இறுக்குவது எந்த மென்பொருளையும்விடப் பெரிய உதவி.

மின் இரைச்சல் 50, 100, 150 ஹேட்ஸில் நிற்கும் உறுமல். மடிக்கணினியை மின்னேற்றியிலிருந்து கழற்றி, பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள், பாதி வீடுகளில் அதோடு போய்விடும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண்ணில் பற்றரியில் ஒலிப்பதிவு செய்வது புதுமை அல்ல. காற்றாடியையும் மலிவான எல்ஈடி விளக்கையும் நிறுத்துங்கள். பாடத் தொடங்குமுன் வெறும் அறையை ஒரு நிமிடம் பதிந்து, காதுக்கருவியில் சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். பதியும்போது சத்தத்தின் உச்சம் கழித்தல் 12 டெசிபெலுக்கும் கழித்தல் 6 டெசிபெலுக்கும் நடுவில் நிற்கட்டும். 24 பிட்டில் அதற்குமேல் தள்ளத் தேவையே இல்லை, பறையின் முதல் அடியில் வெடித்துப் போனது திரும்பாது.

பறை என்றால் இங்கே இரு முகமும் தோல் போர்த்த உருளை மேளம், தமிழ்நாட்டின் வட்டச் சட்டப் பறை அல்ல. இணையத்தில் தமிழில் கிடைக்கும் பதிவு முறைகள் அந்த ஒற்றை முகத்துக்கானவை. இரு முகத்துக்கும் ஒவ்வொரு மைக் வைத்தால், அடிபட்ட தோல் உள்ளே போகும்போது மறு தோல் வெளியே தள்ளும். இரண்டு மைக்கும் எதிரெதிர் அலையைப் பிடிக்கும். அப்படியே சேர்த்தால் அடித்தளம் கரைந்து தகரப் பேணி போலாகும். ஒன்றின் துருவத்தைத் திருப்புங்கள், எல்லா மென்பொருளிலும் அதற்கு ஒரு பொத்தான் உண்டு, நெஞ்சில் இடிக்கும் சத்தம் உடனே திரும்பும். இரவுப் பனியில் தோல் தளரும், நெருப்பில் காய்ச்சினால் இறுகும். முதல் பாட்டுக்கும் ஐந்தாம் பாட்டுக்கும் மேளத்தின் குரல் மாறாதிருக்க, ஒவ்வொரு பதிவுக்கும் முன் முதல் பதிவின் நாலு அடியைப் போட்டுக் கேட்டு ஒப்பிடுங்கள். நாதஸ்வரத்துக்கு, குழலின் அகன்ற முனையான அணசின் வாயில் மைக் வைக்க வேண்டாம். ஒலி விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. ஒரு மீற்றர் தள்ளி, நடுக் குழலைப் பார்த்து வையுங்கள்.

அருவி வெட்டுப் பாட்டு மாதிரியான தொழிற்பாட்டில் பெரிய தவறு ஒன்று நடக்கிறது. பாடுபவரைக் கதிரையில் இருத்தி, காதில் டிக் டிக் என்று தாளம் போட்டு, கீபோர்ட்டின் கட்டைக்குப் பாடச் சொல்கிறார்கள். குனிந்து வெட்டும் உடம்பின் மூச்சில் பிறந்த பாட்டு அது. கதிரையில் இருந்தால் வேகம் இறங்கும், டிக் டிக்கில் உயிர் போகும். நிற்க விடுங்கள், கையை அசைக்க விடுங்கள், அவர் எடுத்த சுருதியில் தனியாகப் பாடி முடிக்கட்டும். பிறகு கருவிகளை அவர் கட்டைக்குக் கொண்டுபோங்கள். தாளக் கோடுகளை அவர் பாட்டுக்கு ஏற்ப நகர்த்தும் வசதி ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் உண்டு. அந்த மென்பொருளை 60 நாள் பரீட்சித்துப் பார்க்கலாம், தனியாள் உரிமம் 60 டொலர். வேலை இரண்டு மடங்குதான், ஆனால் கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர் குரலோ கிற்றாரோ அனுப்பும்போது இரண்டு விபத்து நடக்கும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் அது நசுக்கப்பட்டு வரும், ஆவணமாக இணைக்கச் சொல்லுங்கள். அவர் 48 கிலோஹேட்ஸில் பதிந்து, நீங்கள் மாற்றாமல் 44.1 ஆகத் திறந்தால், நாலு நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 வினாடியாக நீளும், சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கும். ‘பாடினவர் சுருதி விட்டுவிட்டார்’ என்று பழி போடுமுன் கோப்பின் நீளத்தைப் பாருங்கள்.

இறுதிச் சத்தம். ஸ்பொட்டிஃபையும் யூரியூப்பும் கழித்தல் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) மட்டத்துக்கு இறக்கிவிடும், அப்பிள் கழித்தல் 16. அதற்குமேல் நசுக்கி அனுப்பினால் சத்தம் கூடாது, அடியின் கூர்மை மட்டும் போகும். உண்மை உச்சம் கழித்தல் 1 டெசிபெலுக்குள் நிற்கட்டும். எம்பி3யை வேவாக மாற்றி ஏற்றுவது செத்த மீனைத் தண்ணீரில் விடுவது.

காசு விசயம் சுருக்கமாக. ஸ்பொட்டிஃபை 2024 தொடக்கம் 12 மாதத்தில் 1000 கேட்பு எட்டாத பாட்டுக்குப் பணம் தருவதில்லை. கேட்பவருக்கு நேரே விற்கும் பாண்ட்காம்ப் தளம் பாட்டுக் கோப்பு விற்பனையில் 15 வீதம் எடுக்கும், பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மிச்சம் பேபாலுக்குப் போகும், அங்கேதான் சிக்கல்: இலங்கைக் கணக்கில் பேபால் மூலம் பணம் பெறும் வசதி நீண்டகாலம் இருக்கவில்லை. அதனால் பலர் வெளிநாட்டு உறவினர் கணக்கில் விற்கிறார்கள். அப்படியானால் எழுத்தில் ஓர் உடன்பாடு இருக்கட்டும். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாவிட்டால் அங்கிருந்து வரும் பங்கில் 30 வீதம் வரை வெட்டுப்படலாம். விநியோகத்தில், ரூட்நோட் முன்பணம் இல்லாமல் ஏற்றி 85 வீதம் உங்களுக்குத் தருகிறது. டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா: வங்கி அட்டை காலாவதியாகிச் சந்தா நின்றால் அல்பமே சேவைகளிலிருந்து இறங்கிவிடும், அதைத் தடுக்க ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். வருமானம் நிச்சயமில்லாத முதல் அல்பத்துக்குச் சந்தா இல்லாத வழியே நல்லது. ‘பட்டியலில் போடுகிறோம், இவ்வளவு தாருங்கள்’ என்று வருபவர்களுக்குக் காசு கொடுக்கவே கூடாது. போலிக் கேட்பு கண்டுபிடிபட்டால் பாட்டுத் தூக்கப்படும், தண்டமும் உங்கள் தலையில்.

இவ்வளவும் செய்து வெள்ளிக்கிழமை வந்த பிறகும் வன்னிக்குள் பாட்டுப் பரவுவது பஸ்சில்தான். அதற்குத் தனிக் கோப்பு வேண்டும். பஸ் கருவி சத்தத்தைச் சமப்படுத்தாது. சேவைக்குச் செய்த கழித்தல் 14 பதிப்பு சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் முணுமுணுப்பாகிவிடும். கழித்தல் 10 அளவில் இன்னொரு பதிப்பை 320 கேபிபிஎஸ் வேக எம்பி3யாக எடுங்கள், பத்துப் பாட்டு 100 மெகாபைட்டுக்குள் வரும். பென்ட்ரைவ் எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்ததாக இருக்க வேண்டும், மற்றவற்றைப் பல கருவிகள் வாசிக்காது. தமிழ்ப் பெயர் அதில் கட்டங்களாகத் தெரியும், ஆகவே கோப்பின் பெயரை ரோம எழுத்தில், முன்னால் 01, 02 என்று இலக்கமிட்டு வையுங்கள். பல கருவிகள் இலக்கத்தையும் பார்ப்பதில்லை, எது முதலில் பதியப்பட்டதோ அதுவே முதலில் ஓடும், எனவே ஒவ்வொன்றாக வரிசைப்படி பதியுங்கள். பஸ்சில் இயந்திர உறுமல் மத்தளத்தின் தாழ்ந்த ஒலி முகமான தொப்பியை விழுங்கிவிடும், மிஞ்சுவது குரலும் உச்ச ஒலி முகமான வலந்தலையும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ34 பாதையில் ஒருநாள் கடைசி இருக்கையில் இருந்து கேளுங்கள். சொல் விளங்காத இடத்தைத் தாளில் குறித்து, குரலை அந்த இடத்தில் மட்டும் ஒரு டெசிபெல் ஏற்றி, மறுநாள் அதே பஸ்சில் திரும்பப் போட்டுப் பாருங்கள்.